36 ரூபாய் அட்டை, மடிக்கிற மைக்ராஸ்கோப், பீரோ மேல் தூங்கும் புரொஜெக்டர்

எங்கள் பள்ளிக்கு வந்ததிலேயே விலை கூடின பொருள், ஆபீஸ் ரூம் பீரோவுக்கு மேலே பழைய வருகைப் பதிவேடுகளுக்குப் பக்கத்தில் இருக்கிறது. விலை குறைந்த பொருள், பிள்ளைகள் விடை காட்டத் தூக்கிப் பிடிக்கிற அட்டைக் கட்டு. அதற்கு ஆன செலவு 36 ரூபாய். அது வாரத்தில் நாலு நாளாவது வகுப்புக்கு வந்துவிடுகிறது. இரண்டுக்கும் நடுவில் இன்னொன்று உண்டு, காகிதத்தில் மடித்துச் செய்கிற மைக்ராஸ்கோப். மூன்றையும் ஒரு வருடம் வைத்து ஓட்டிவிட்டேன். கேட்கிற டீச்சர்களுக்கெல்லாம் போனில் திரும்பத் திரும்பச் சொல்வதை விட ஒரு தடவை எழுதி வைத்துவிடலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

நான் அவிநாசிக்கும் திருப்பூருக்கும் நடுவே ஓர் அரசு நடுநிலைப் பள்ளியில் அறிவியல் எடுக்கிறேன். ஏழாம் வகுப்பில் 34 பேர். முக்கால்வாசி வீடுகளில் அப்பாவோ அம்மாவோ, இல்லை இரண்டு பேருமோ பனியன் கம்பெனி. டெய்லர், செக்கிங், அயர்னிங், பேக்கிங். ஒன்றரை ஷிப்ட் பார்த்துவிட்டு வீடு வந்து சேர ராத்திரி ஒன்பது ஆகும். ஐந்து பிள்ளைகள் பீகார், ஒடிசாவிலிருந்து வந்த குடும்பங்கள். "பிள்ளைகள் ஆளுக்கொரு போன் எடுத்துக்கொள்ளட்டும்" என்று ஆரம்பிக்கிற எந்தச் செயலியும் எங்களுக்கு ஒத்துவராது. வீட்டில் இருப்பது ஒரு போன். அது காலையிலேயே அப்பாவோடு கம்பெனிக்குப் போய்விடும்.

புரொஜெக்டரைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன், அதைப் பற்றிப் பேசினாலே எனக்கு எரிச்சல் வரும். எங்கள் பள்ளியில் படித்து இப்போது சொந்தமாகக் கம்பெனி வைத்திருக்கும் ஒருவர் நன்கொடை தந்தார். கோவையில் ஒரு கடையில் வாங்கினோம். கடைப் பெயர் வேண்டாம். பெட்டியில் வெளிச்சத்தின் அளவு 9000 லூமென்ஸ் என்று கொட்டை எழுத்து. கடைக்குள் ஓர் இருட்டறையில் போட்டுக் காட்டினார்கள், சினிமாவாட்டம் இருந்தது. எங்கள் வகுப்பறைக்குக் கிழக்கே மூன்று ஜன்னல். காலை பத்தரை மணிக்குச் சுவரில் செல் படத்தைப் போட்டுவிட்டு நான் உட்கருவைக் காட்டுகிறேன், பிள்ளைகள் கண்ணைச் சுருக்கிக்கொண்டு "எங்கீங்க டீச்சர்?" என்கிறார்கள். ஜன்னலுக்குச் சென்னிமலைப் பெட்ஷீட் கட்டினோம். ஃபேன் போட்டால் பெட்ஷீட் பறந்தது. ஃபேனை நிறுத்தினால் மார்ச் மாதம். மூன்றாம் மாதத்தில் படத்தின் நடுவே மஞ்சளாக ஒரு திட்டு வந்தது. கடைக்கு அனுப்பினோம். இரண்டு மாதம் கழித்து அதே திட்டோடு திரும்பி வந்தது.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரே ஒரு விஷயம். பெட்டியில் வெறும் "லூமென்ஸ்" என்று போட்டிருப்பதை நம்பாதீர்கள், "ஆன்சி லூமென்ஸ்" எவ்வளவு என்று கேளுங்கள். அதுதான் முறைப்படி அளக்கிற கணக்கு. வெளிச்சமான வகுப்பறைக்கு அது 3000 பக்கமாவது இருக்க வேண்டும். கடைக்காரர் பதில் சொல்லத் தடுமாறினால் பேசாமல் ஒரு நல்ல டிவி வாங்கிவிடுங்கள். நாங்கள் இப்போது டிவிக்குத்தான் வந்திருக்கிறோம். போனையும் டிவியையும் சேர்க்க எச்.டி.எம்.ஐ. கேபிளும் அதற்கான ஒரு சின்ன மாற்றியும் போதும். ஆனால் உங்கள் போன் அதற்கு ஒத்துவருமா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள், எல்லாப் போனும் கேபிள் வழியாகப் படம் அனுப்பாது.

சரி, அட்டைக்கு வருகிறேன்.

பிளிக்கர்ஸ் என்பது ஓர் அட்டைக் கட்டு, கூடவே ஆசிரியர் போனில் ஒரு செயலி, அவ்வளவுதான். அமெரிக்காவில் ஒரு கணக்கு வாத்தியார் தன் வகுப்புக்காக யோசித்துச் செய்தது. ஒவ்வோர் அட்டையிலும் கறுப்பு வெள்ளையில் ஒரு வடிவம் இருக்கும். பார்க்க க்யூ.ஆர். கோடுக்கு ஒன்றுவிட்ட தம்பி மாதிரி. ஓர் அட்டையின் வடிவம் இன்னொன்றில் வராது. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண், நான்கு பக்கத்திலும் ஏ, பி, சி, டி என்று பொடி எழுத்து. விடை பி என்று நினைக்கிற பிள்ளை, பி எழுத்து மேலே வருகிற மாதிரி அட்டையைத் திருப்பிப் பிடித்தால் போதும். நான் முன்னால் நின்று போன் கேமராவை இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவர் வரைக்கும் மெதுவாக ஓட்டுவேன். யார் என்ன சொன்னார்கள் என்பது என் போனில் வந்து விழும். எழுத்து பொடியாக இருப்பதாலும் ஆளுக்கொரு வடிவம் என்பதாலும் பக்கத்துப் பிள்ளையைப் பார்த்துக் காப்பியடிக்க வழியில்லை. முதல் நாள் ஒருவன் எட்டிப் பார்த்து அப்படியே திருப்பிப் பிடித்தான். அவன் அட்டையில் அது வேறு எழுத்து. இரண்டு தடவை மாட்டிக்கொண்டதும் விட்டுவிட்டான்.

இலவசமாக இறக்கிக்கொள்ளும் கட்டில் 40 அட்டை. பெரிய வகுப்பு என்றால் 63 அட்டைக் கட்டும் இருக்கிறது. ஏ4 தாளுக்கு இரண்டு அட்டை. எங்களுக்கு 18 தாள், ஜெராக்ஸ் கடையில் தாளுக்கு 2 ரூபாய், ஆக 36.

தலைப்பில் 36 என்று போட்டதில் கொஞ்சம் பொய்யும் இருக்கிறது. முதல் தடவை நான் அத்தனையையும் லேமினேஷன் போட்டேன், அட்டைக்குப் பத்து ரூபாய் வீதம். பளபளவென்று அழகாகத்தான் இருந்தது. டியூப்லைட் வெளிச்சம் அதில் பட்டு அடித்ததில் பாதி அட்டையைப் போன் கண்டுகொள்ளவே இல்லை. 360 ரூபாய் போச்சு. அதற்கும் சேர்த்து என் வீட்டுக்காரரிடம் ஒரு வாரம் பேச்சு வாங்கினேன். இரண்டாம் தடவை அச்சடித்து, டீ-ஷர்ட்டை மடிக்கும்போது உள்ளே வைப்பார்களே, அந்த அட்டையில் மைதாப் பசை போட்டு ஒட்டினோம். ஒரு பிள்ளையின் அப்பா கம்பெனியிலிருந்து மிச்ச அட்டையைக் கட்டாகக் கொண்டுவந்து கொடுத்தார். மேலே வெறும் தாள், பளபளப்பு கிடையாது. இன்றைக்கு வரைக்கும் உழைக்கிறது.

இதில் எனக்குக் கிடைத்தது என்ன என்பதை ஒரு பாடத்தை வைத்துச் சொன்னால்தான் புரியும்.

எங்கள் வகுப்பில் பதில் எப்போதும் கோரஸாகத்தான் வரும். "புரிஞ்சுதா?" என்றால் "புரிஞ்சுதுங்க டீச்சர்" என்று 34 குரலும் ஒன்றாக எழும்பும். இருபது வருடமாக அதை நம்பித்தான் அடுத்த பாடத்துக்குப் போயிருக்கிறேன். ஒரு நாள் அட்டையை எடுக்கச் சொல்லிவிட்டு ஒரு கேள்வி போட்டேன். தண்ணீர் தளதளவென்று கொதிக்கும்போது அடியிலிருந்து பெரிய பெரிய குமிழியாக மேலே வருகிறதே, அந்தக் குமிழிக்குள் என்ன இருக்கிறது? காற்று என்றால் ஏ. ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் என்றால் பி. நீராவி என்றால் சி. ஒன்றுமே இல்லை என்றால் டி. அன்றைக்கு வந்திருந்தது 33 பேர். ஏ பிடித்தவர்கள் 19. பி பிடித்தவர்கள் 6. நன்றாகப் படிக்கிற பிள்ளைகள்தான் அந்த ஆறு பேரும், தண்ணீரின் வாய்பாட்டை மனப்பாடம் செய்தவர்கள். டி ஒருவன். சி என்று சரியாகப் பிடித்தது 7 பேர். கொதித்தலும் ஆவியாதலும் பாடத்தை இதே பிள்ளைகளுக்கு நான் முந்தின வாரம்தான் முடித்திருந்தேன். எல்லோருக்கும் புரிந்தும் இருந்தது.

விடையை நான் சொல்லவில்லை. பக்கத்தில் இருக்கிறவரிடம் ஏன் என்று சண்டை போடுங்கள், மூன்று நிமிடம் என்று விட்டுவிட்டேன். இது என் கண்டுபிடிப்பு ஒன்றும் கிடையாது. ஹார்வர்டில் எரிக் மசூர் என்கிற இயற்பியல் பேராசிரியர் 1990களிலேயே தன் வகுப்பில் இதைச் செய்ய ஆரம்பித்துவிட்டார். கேள்வி, ஓட்டு, பக்கத்து ஆளோடு வாக்குவாதம், மறுபடி ஓட்டு. அங்கே ஒவ்வொருவர் கையிலும் பட்டன் கருவி கொடுத்தார்கள், இங்கே டீ-ஷர்ட் அட்டை.

மூன்றாவது பெஞ்சில் ஒருத்தி, 9ஆம் எண், சத்தமாகவே கேட்டாள்: "தண்ணி முச்சூடும் வத்திப் போற வரைக்கும் குமிழி வந்துட்டே இருக்குதல்லோ? அத்தனை காத்து உள்ள எங்கீங்க ஒளிஞ்சிருந்துச்சு?" வகுப்பு கொஞ்ச நேரம் அமைதியாகிவிட்டது. மறுபடி அட்டை தூக்கச் சொன்னேன். சி 15 ஆனது. அப்புறம் எல்லோரையும் சத்துணவுக் கூடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனேன். உலை கொதித்துக்கொண்டிருந்தது. சமைக்கிற அக்கா, "என்றா இது, சோத்துக்கு நேரமாகலையே?" என்றார். ஒரு சில்லென்ற தட்டை உலைக்கு மேலே சாய்த்துப் பிடித்தோம். தட்டின் அடியில் முத்து முத்தாகத் தண்ணீர் கோத்துக்கொண்டு சொட்டியது. காற்றாக இருந்திருந்தால் தட்டில் பட்டுத் தண்ணீராகாது என்பதை ஒரு பையன் சொன்னான், நான் வாயே திறக்கவில்லை. திரும்ப வந்து தூக்கியபோது 30 சி.

ஆனால் நான் சொல்ல வந்தது அந்த 30ஐப் பற்றி இல்லை. முதல் தடவையிலேயே சி பிடித்த ஏழு பேரில் ஒன்று 22ஆம் எண். ஒடிசாப் பையன். வந்து ஒன்றரை வருடம் ஆகியும் வகுப்பில் வாய் திறந்ததில்லை. கோரஸிலும் உதடு மட்டும் அசையும். பாடம் அவனுக்கு எட்டவில்லை என்று நானாக முடிவு கட்டியிருந்தேன். அவனைக் கூப்பிட்டு எப்படித் தெரியும் என்று கேட்டேன். தமிழும் இந்தியுமாகக் கலந்து, கையை மேலே வேகமாக வீசிக் காட்டி, "பாய்லர்... ஸ்டீம்" என்றான். அவன் அப்பா சாயப்பட்டறையில் பாய்லர் பார்க்கிறவர். தண்ணீர் கொதித்தால் என்ன வரும், அதற்கு எவ்வளவு வேகம் என்பதெல்லாம் அந்த வீட்டில் தினசரிப் பேச்சு. 36 ரூபாய் அட்டை வரும் வரைக்கும் அது எனக்குத் தெரியாமல் இருந்தது.

குறை இல்லாமல் இல்லை. நான்கில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிற கேள்விதான் கேட்க முடியும். "ஏன்" என்பதை அட்டை சொல்லாது, அதை நாம்தான் வாயால் வாங்க வேண்டும். எங்கள் பள்ளியில் நெட் எப்போது வரும் என்பது வானிலை அறிக்கையை விட நிச்சயமில்லாத சங்கதி, அதனால் என் போன் டேட்டாவில்தான் ஓட்டுகிறேன். பிள்ளைகள் விரலால் வடிவத்தை மறைத்துப் பிடித்தால் கேமராவுக்குத் தெரியாது, "ஓரத்தைப் புடிங்க, ஓரத்தை" என்று ஒரு வாரம் கத்த வேண்டியிருக்கும். எல்லாவற்றையும் விட, நல்ல கேள்வி தயார் செய்ய ராத்திரியில் நேரம் போகும். பாடப் புத்தகத்தின் பின்னால் இருக்கிற "சரியான விடையைத் தேர்ந்தெடு" கேள்வியை அப்படியே போட்டால் எல்லாரும் செயலியில் சரி என்று பச்சையாகத்தான் வருவார்கள், அதனால் பயன் ஒன்றும் இல்லை. பிள்ளைகள் எங்கே தவறுவார்கள் என்று நமக்குத் தெரிந்த இடத்தில் கேட்க வேண்டும்.

அடுத்து ஃபோல்ட்ஸ்கோப். மீரட்டில் பிறந்து கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த மனு பிரகாஷும், அவரோடு ஜிம் சிபுல்ஸ்கியும் அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் உருவாக்கியது. 2014இல் இதைப் பற்றி ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். பொருள் செலவு ஒரு டாலருக்குள் அடங்கும் என்பதுதான் அதில் பெரிய பேச்சு. நாம் வாங்கும் விலை வேறு, எத்தனை வாங்குகிறோம், எந்தப் பெட்டி என்பதைப் பொறுத்து மாறும். வகுப்புக்கென்று மொத்தமாக வரும் பெட்டியில் ஒன்றின் விலை நன்றாகக் குறையும். நாங்கள் இரண்டு பள்ளிக்காரர்கள் சேர்ந்து வாங்கிப் பிரித்துக்கொண்டோம். எங்கள் பங்குக்கு எட்டு. நாலு பேருக்கு ஒன்று, ஒரு குழுவில் மட்டும் கொஞ்சம் நெரிசல்.

தட்டையாக, தடித்த தாளில் வரும். துண்டுகளைப் பிய்த்து எடுத்து, நிறத்துக்கு நிறம் பொருத்தி மடித்துச் சொருக வேண்டும். நடுவில் குன்றிமணியை விடப் பல மடங்கு சின்னதாக ஒரு கண்ணாடி உருண்டை, அதுதான் லென்ஸ். 140 மடங்கு பெரிதாக்கும். மைக்ராஸ்கோப் என்றால் கண்ணாடி அலமாரிக்குள் பூட்டி வைத்து, ஆய்வு அதிகாரி வருகிற அன்று துடைத்து வெளியே வைப்பது என்ற எங்கள் தலைமுறை ஆசிரியர்களுக்கு, இதைப் பிள்ளைகள் சட்டைப் பையில் செருகிக்கொண்டு கக்கூஸுக்குப் போவதைப் பார்க்க முதலில் வயிற்றைக் கலக்கும். கலங்க வேண்டாம். கீழே விழுந்தால் உடையாது, தண்ணீர் தெறித்தாலும் தாங்குகிறது.

மடிக்க 40 நிமிடப் பீரியட் போதாது. இரண்டு பீரியட் ஒதுக்குங்கள். எனக்கே முதலில் முக்கால் மணி நேரம் ஆனது, அதுவும் ஒரு துண்டைத் திருப்பிச் சொருகி மறுபடி பிரித்து. வகுப்பில் முதலில் முடித்தது யார் தெரியுமா? வீட்டில் அம்மாவோடு உட்கார்ந்து துணிக்குப் பிசிறு வெட்டுகிற பிள்ளைகள். நூல் நுனியைப் பிடித்துப் பிடித்துப் பழகிய விரல். படிப்பில் நடுவாந்திரம் என்று நான் வைத்திருந்த இரண்டு அம்மணிகள் இருபது நிமிடத்தில் முடித்துவிட்டு அடுத்த குழுவுக்குச் சொல்லிக்கொடுக்கப் போய்விட்டார்கள்.

ஏழாம் வகுப்பு மூன்றாம் பருவத்தில் பலபடி வேதியியல் பாடம் வருகிறது. இயற்கை இழை, செயற்கை இழை. திருப்பூர்ப் பக்கத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கரும்பலகையில் எழுதிப் போட்டு நடத்தினால் எனக்கே வெட்கமாக இருக்கும். வீட்டிலிருந்து கட்டிங் வேஸ்ட் ஆளுக்கொரு துண்டு கொண்டுவரச் சொன்னேன். அடுத்த நாள் வகுப்பே கம்பெனிக் குடோன் மாதிரி ஆகிவிட்டது. துணியிலிருந்து ஒரு நூலை உருவி, அந்த நூலை ஊசியால் பிரித்து, அதற்குள் இருக்கும் தனி இழையை எடுத்து ஸ்லைடில் வைக்க வேண்டும். மேலே செலோ டேப்பே போதும்.

பருத்தி இழை ஒரே சீரான உருண்டைக் கம்பியாக இருக்காது. தட்டையாக, அங்கங்கே முறுக்கிக்கொண்ட நாடா மாதிரி தெரியும். "செத்துப் போன மண்புழுவாட்டம் இருக்குதுங்க டீச்சர்" என்றான் ஒருவன். பாலியஸ்டர் இழை நேராக, வழவழப்பாக, கண்ணாடிக் குச்சி மாதிரி. ஒரு தடவை பார்த்துவிட்டால் அப்புறம் மறக்கவே மறக்காது. பிள்ளைகள் பத்து நிமிடத்தில் பரிசோதகர்கள் ஆகிவிட்டார்கள். என் சேலை முந்தானையில் ஒரு நூல் கேட்டார்கள், கொடுத்தேன். "டீச்சர், இது காட்டன் இல்லீங்க" என்று தீர்ப்பு வந்தது. காட்டன் என்று சொல்லித்தான் எனக்கு விற்றார்கள். அந்தக் கடைப் பெயரும் வேண்டாம்.

ஒருத்தி கொண்டுவந்த துண்டில் இரண்டு மாதிரியும் இருந்தது. முறுக்கின நாடாவும் உண்டு, கண்ணாடிக் குச்சியும் உண்டு. தப்பாக எடுத்துவிட்டோம் என்று மூன்று தடவை புது நூல் உருவிப் பார்த்தார்கள், அதேதான். சாயங்காலம் அவள் அப்பாவிடம் கேட்டிருக்கிறாள். மறுநாள் வந்து வகுப்பு முன்னால் நின்று சொன்னாள்: "அது பி.சி. துணிங்களாமா. பாலியஸ்டரும் காட்டனும் கலந்து நூலே அப்படித்தான் நூப்பாங்களாமா. எங்கப்பா கையில தொட்டே சொல்லீட்டாருங்க." அந்த அப்பாவை நான் அதற்கு முன் இரண்டு தடவை பள்ளிக்குக் கூப்பிட்டிருக்கிறேன், இரண்டு தடவையும் மகள் லீவு போட்டதற்காக. மூன்றாவது தடவை பி.சி. துணியைப் பற்றிச் சொல்லக் கூப்பிட்டேன். சனிக்கிழமை அரை நாள் விட்டுவிட்டு வந்தார். "ஏனுங்க டீச்சர், நானுங்களா?" என்று வாசலிலேயே இரண்டு நிமிடம் நின்றார். ஒரு துணியை விரலில் தேய்த்து, இழுத்து, காதருகே வைத்துக் கசக்கி, இது என்ன துணி, எத்தனை ஜி.எஸ்.எம். (ஒரு சதுர மீட்டர் துணியின் கிராம் எடை) இருக்கும் என்று அவர் சொல்லிக்கொண்டே போக, பிள்ளைகள் மைக்ராஸ்கோப்பில் இழையைச் சரிபார்த்தார்கள். ஏழு துணியில் ஏழும் சரி.

அந்த வகுப்பில்தான் லீவன்ஹூக் கதையைச் சொன்னேன். ஹாலந்தில் டெல்ஃப்ட் என்கிற ஊரில் துணி வியாபாரம் செய்தவர். நூலின் தரத்தைப் பார்க்க அந்தக் காலத் துணிக்காரர்கள் லென்ஸ் வைத்திருப்பார்கள். அவர் தானே சின்னச் சின்னக் கண்ணாடி லென்ஸ் செய்ய ஆரம்பித்து, 1674இல் ஊருக்குப் பக்கத்து ஏரித் தண்ணீரை அதில் பார்த்து, உள்ளே உயிர்கள் நீந்துவதைக் கண்டு எழுதி வைத்தார். ஒரே ஒரு லென்ஸ், கண்ணுக்கு ஒட்டினாற்போல் பிடிப்பது. ஃபோல்ட்ஸ்கோப்பும் அதே வழிதான். பின் பெஞ்சிலிருந்து உடனே கேள்வி: "அப்ப அவரு செக்கிங்குங்களா டீச்சர்?" ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது?

ஏரித் தண்ணீர் என்றதும் எங்கள் ஊர்க் குட்டைக்குப் போகாமல் இருக்க முடியுமா? நான் இந்தப் பள்ளிக்கு வந்த நாளிலிருந்து அது வேலிக்காத்தான் முளைத்த வெறும் பள்ளம். அத்திக்கடவு-அவிநாசித் திட்டம் 2024 ஆகஸ்ட் 17இல் தொடங்கிய பிறகு, காலிங்கராயன் அணைக்கட்டுக்குக் கீழே பவானியிலிருந்து குழாயில் வருகிற தண்ணீர், ஈரோடு, திருப்பூர், கோவை மாவட்டங்களில் 1,045 குளம் குட்டைகளுக்குப் போகிறது. அதில் ஒன்று எங்களுடையது. ஒரு பாட்டிலில் மொண்டு வந்தோம். வெறும் தண்ணீரை எடுத்தால் ஒன்றும் கிடைக்காது. பாசி, மட்கின இலை ஓரமாக எடுக்க வேண்டும். ஸ்லைடில் ஒரு சொட்டு. கண்ணருகே வைத்து வெளிச்சத்தைப் பார்த்து, இரண்டு கட்டை விரலாலும் தாளை மெல்லத் தள்ளி ஃபோகஸ் செய்ய வேண்டும். இங்கேதான் பொறுமை வேண்டும். ஒரு மயிரிழை தள்ளினாலே படம் ஓடிவிடும், உயிருள்ள ஜந்து தானாகவும் ஓடும். காந்தம் வைத்துப் போன் கேமராவில் ஒட்டவைக்கலாம், அப்படி ஒட்டி டிவியில் போட்டேன்.

பச்சைச் சரடுகளுக்கு நடுவே செருப்பு அடிப்பாகம் மாதிரி ஒன்று விர்ரென்று குறுக்கே போனது. பரமீசியம், ஒற்றைச் செல் உயிரி. புத்தகத்தில் அசையாமல் கிடக்கிற அந்தப் படத்தை நானே இருபது வருடமாக வரைந்திருக்கிறேன். வகுப்பு போட்ட சத்தத்தில் தலைமையாசிரியர் ஓடி வந்தார், என்னமோ பாம்பு வந்துவிட்டது என்று.

அன்றைக்கு ஒரு பேரனைக் கூட்டிப் போக வந்த அப்பாரு ஜன்னல் ஓரம் நின்று டிவியைப் பார்த்துக்கொண்டிருந்தார். அத்திக்கடவுத் தண்ணீருக்காக அறுபது வருடத்துக்கு மேலாகக் கேட்டுக் கேட்டு ஓய்ந்த தலைமுறை. "அம்மணி, இது நம்ம குட்டைத் தண்ணிங்களா?" என்றார். ஆமாங்க என்றேன். கொஞ்ச நேரம் பார்த்தார். "இதுங்களுக்குஞ் சேத்தா நாங்க மறியல் பண்ணுனோம்?" என்று சிரித்துக்கொண்டே பேரன் பையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டார்.

வேறு இரண்டு சங்கதி, சுருக்கமாக. ஃபெட் என்று கொலராடோ பல்கலைக்கழகத்தின் இணையப் பக்கம் ஒன்று இருக்கிறது, திரையிலேயே செய்முறை செய்து பார்க்கலாம். 2001இல் இயற்பியல் நோபல் வாங்கிய கார்ல் வீமன் 2002இல் தொடங்கியது. இலவசம். தமிழிலும் பல செய்முறைகள் இருக்கின்றன, ஒரு தடவை இறக்கி வைத்துக்கொண்டால் நெட் இல்லாமலும் ஓடும். அதன் மின்சுற்றுச் செய்முறையில் பேட்டரியின் இரண்டு முனையையும் வெறும் ஒயரால் குறுக்கே இணைத்தால் திரையில் தீப்பிடிக்கும், அதற்காகவே பிள்ளைகள் குறுக்கே இணைப்பார்கள். முதல் வருடம் திரையை முதலில் காட்டிவிட்டு அப்புறம் நிஜ செல், ஒயர், டார்ச் பல்பைக் கொடுத்தேன். பல்பு எரிந்ததை யாரும் சட்டை செய்யவில்லை, தீப்பிடிக்கவில்லையே என்று ஏமாந்து போனார்கள். இப்போது நிஜம் முதலில். பல்பு எரியாமல் அரை மணி நேரம் தடவித் தடவி, ஒயர் நுனியில் பிளாஸ்டிக்கைச் சுரண்டவில்லை என்று அவர்களே கண்டுபிடித்த பிறகுதான் திரை.

இன்னொன்று அரவிந்த் குப்தாவின் தீக்குச்சி வடிவங்கள். 2018இல் பத்மஸ்ரீ வாங்கியவர், குப்பையிலிருந்து பொம்மை செய்து அறிவியல் சொல்கிறவர். தீக்குச்சியைச் சைக்கிள் வால்வு டியூப் துண்டால் இணைத்தால் முக்கோணம் அசையாது, சதுரம் சாய்ந்து சாய்ந்து விழும். மின் கம்பிக் கோபுரத்தில் ஏன் அத்தனை முக்கோணம் என்று பிள்ளைகளே கேட்பார்கள். ஒரே சிக்கல், வால்வு டியூப். எங்கள் ஊர்ச் சைக்கிள் கடைக்காரர் "அதெல்லாம் இப்ப ஆருங்க கேக்குறாங்க?" என்று உள்ளே போய்த் தேடித் தூசி தட்டி இரண்டு மீட்டர் கொடுத்தார். காசு வாங்கவில்லை.

மார்க் போட வேண்டுமானால் பிளிக்கர்ஸ் அட்டைக்கு ஐந்துக்கு நாலரை. அரை மார்க் என் ராத்திரித் தூக்கத்துக்காகப் பிடித்தது. ஃபோல்ட்ஸ்கோப்புக்கு ஐந்தில் நாலு. பையன்கள் கை ஆடாமல் பழக ஒரு மாதம் ஆகும், அதுவரைக்கும் "ஒண்ணுந் தெரியலீங்க" என்பதைக் கேட்டுக்கொண்டிருக்கத் தயார் என்றால் வாங்குங்கள். புரொஜெக்டருக்கு மார்க் கிடையாது. வேண்டுமென்றால் வந்து எடுத்துக்கொண்டு போகலாம், பெட்டி கூட பத்திரமாக இருக்கிறது.

அட்டை தொலைந்தால் என்ன செய்வது என்று போன வாரம் ஒரு டீச்சர் கேட்டார். மொத்தக் கட்டையும் திரும்ப அச்சடிக்க வேண்டியதில்லை. அந்த எண் இருக்கிற பக்கத்தை மட்டும் எடுத்தால் போதும். எங்கள் வகுப்பில் 17ஆம் எண் அட்டையை வீட்டுக்குக் கொண்டுபோன பையன் அதைத் திண்ணையில் வைத்துவிட்டுப் பால் வாங்கப் போயிருக்கிறான். மைதாப் பசை வாசத்துக்கு ஆடு வந்து முக்கால்வாசியைத் தின்றுவிட்டது. மிச்சத்தைக் கையில் பிடித்துக்கொண்டு மறுநாள் அழுதுகொண்டு வந்தான். ஜெராக்ஸ் கடையில் ஒரு பக்கம், 2 ரூபாய். கூடவே 18ஆம் எண்ணும் வந்துவிட்டது, அதை உபரியாக வைத்திருக்கிறேன்.